ஜன்னலக்கா

பாத்திரம் துலக்கும்போதுதான் அவர் படிப்பார். தொட்டிக்கு நேர் எதிரே ஜன்னல். அதன் கட்டையில், கம்பிமேல் சாய்ந்தபடி ஒரு புத்தகம் நிற்கும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. எந்தக் காலத்துப் போதகரோ எழுதிய தியானங்கள். அட்டை போயிருக்கும், முதல் சில பக்கங்கள் போயிருக்கும், அவற்றோடு எழுதியவர் பேரும் போயிருக்கும். கை முழுக்கச் சோப்பு நுரையாக இருப்பதால், பக்கம் திருப்புவதற்கென்றே ஈரம் படாத மரக்கரண்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதை யாராவது சமையலுக்கு எடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது.

பாதி துலக்கிய பாத்திரத்தோடு திடீரென்று நின்றுவிடுவார். குழாய் அதுபாட்டுக்கு ஓடும். கண், புத்தகத்தைத் தாண்டி வெளியே போயிருக்கும். வெளியே பிரமாதமாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மதில். அதன் வெடிப்பில் யாரும் நடாமல் முளைத்த ஒரு செடி. மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய். அதன் வளைவில் ஓயாமல் கசிகிற ஈரத்தில் கையகலப் பச்சைப் பாசி. அந்தப் பாசியை வைத்து மட்டும் அவர் நான்கு தியானங்கள் எழுதியிருக்கிறார்.

"அம்மா, தண்ணி!" உள்ளறையிலிருந்து மகள் கத்துவாள்.

"இருடி. ஒரு வரி வந்துட்டிருக்கு."

"வரி வரட்டும். தண்ணி ஹாலுக்கு வந்துட்டிருக்கு."

சபையின் மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் அவருடையது. 'சமையலறை ஜன்னல்' என்று தலைப்பு. அதனால் சபையில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் ஜன்னலக்கா. அவருடைய முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வங்கி ஒன்றுதான்.

பகலில் பல் மருத்துவமனையின் முன் மேசையில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்கு நேரம் எழுதிய அட்டை கொடுப்பது வேலை. உள்ளே வாயைத் திறக்கப்போகிறவர்கள் அவர் முன்னால் முதலில் மனதைத் திறந்துவிடுவார்கள். மருமகள் சரியில்லை, தம்பி பேசுவதில்லை, பல் வலி அதற்குப் பிறகுதான். கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டே அட்டையிலேயே பென்சிலால் கிறுக்குவார். ஒருநாள் பல் டாக்டர் வெளியே வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "அக்கா, நேத்து ஒருத்தர் அட்டையைக் காட்டுறார். தேதி எழுத வேண்டிய இடத்துல எறும்பு வரிசையாப் போறதைப் பத்தி இருக்கு. எறும்பு வந்தா நான் எந்தப் பல்லைப் பிடுங்கறது?" அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் இருந்தது நல்ல வரி.

ஜன்னல் வழியாகத் தினமும் இத்தனை பறவைகளைப் பார்க்கிறவருக்கு ஒரு பறவையின் பேரும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. சபை ஆட்களின் பேரை வைத்துவிடுவார். நெஞ்சை உப்பிக்கொண்டு மதில்மேல் நின்று கத்துவது கொயர் மாஸ்டர். எல்லார் கையையும் உற்றுப் பார்த்துத் தலையைச் சாய்க்கிற காகம், காணிக்கைக்காரர். தலையில் கொண்டையோடு வால் ஆட்டி நடக்கிற சாம்பல் குருவி, பாஸ்டரம்மா. அச்சில் வரும்போது எல்லாமே 'ஒரு சிறு பறவை' ஆகிவிடும். அந்த நாகரிகம் அவருக்கு உண்டு. பறவைகள் விஷயத்தில் உண்டு.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு அவர் கதை தெரியாது. கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு சரிந்தார். அவ்வளவுதான். சபையார் கூட்டமாக வந்தார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அதன்பிறகு ஆராதனையில் அவர் வாய் மட்டும்தான் அசைந்தது. முழங்கால் போட்டால் முழங்கால் வலித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே நின்றது.

ஒருநாள் காலை தொட்டியடியில் நின்றவர் கழிவுநீர்க் குழாயைப் பார்த்தார். "அழுக்குத் தண்ணியிலயா இப்படி ஒரு பச்சை?" என்று வாய்விட்டுக் கேட்டார். யாரிடம் கேட்டோம் என்று யோசித்தபோதுதான், ரொம்ப நாளைக்குப் பிறகு ஜெபம் செய்துவிட்டது தெரிந்தது. அதைக் கையில் கிடைத்த காகிதத்தில் எழுதினார். எழுதியதும் பசித்தது. வாரக்கணக்கில் மறந்துபோயிருந்த பசி.

அன்றிலிருந்து படிப்பதும் பார்ப்பதும் எழுதுவதுமாகத்தான் அவர் கடவுளிடம் போய் வந்துகொண்டிருக்கிறார். பிரசங்க நேரத்தில் ஜன்னல் பக்கம் உட்காருவார். பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். பிரசங்கத்துக்கு வேண்டிய உதாரணம் அடுத்த மாதம் அந்த ஜன்னலிலிருந்துதான் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

மகள் ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. கல்யாணமாகிப் போனாள். வயிற்றில் பிள்ளை தங்கி, முகம் நிறைந்து, மாதம் நெருங்கிக்கொண்டிருந்தபோது பிள்ளை உள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தவள், அம்மாவின் காதைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து ஒரு பேரைச் சொன்னாள். பிள்ளைக்கு அவள் மனதுக்குள்ளேயே வைத்திருந்த பேர். கணவனிடம்கூடச் சொல்லவில்லை; பிறந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். "உனக்கு மட்டும்தாம்மா," என்றாள்.

மகளை ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குக் கூட்டிவந்த வாரம் அடித்த காற்றில், மதில் வெடிப்புச் செடியில் பாஸ்டரம்மா குருவி கட்டியிருந்த கூடு கீழே விழுந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் வரி வந்தது.

'கலைந்த கூடு' என்ற அந்தத் தியானம் மாதிரி அவர் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பிறகும் எழுதியதில்லை. விழுந்த கூடு, வீட்டில் கிடக்கும் மகள், மகள் காதோடு சொன்ன பேர், மறுநாள் காலை அதே செடிக்கு முதல் குச்சியைக் கொண்டுவந்த சிறு பறவை. படித்தவர்கள் அழுதார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று கையைப் பிடித்தார்கள். "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு ஜன்னலக்கா." வேறு ஊரிலிருந்து, தானும் அப்படி ஒன்றைப் பறிகொடுத்த ஒரு பெண் போன் செய்து அரைமணி நேரம் அழுதாள். "நான் சாகலாம்னு இருந்தேன்க்கா. இதைப் படிச்சுட்டு எழுந்து குளிச்சேன்," என்றாள். அது பொய்யில்லை. இந்தக் கதையில் கஷ்டமே அதுதான்.

மருமகனும் அதைப் பத்திரிகையில்தான் படித்தார். "எனக்குச் சொல்லாத பேரை, ஊருக்கே சொல்லியாச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, "மனசு ஆறுற வரைக்கும் அம்மாகூட இரு" என்று, தன்னோடு திரும்பிப் போயிருந்த மகளை மறுபடி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

மகள் அப்போது எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அவர் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வது அவருக்கு எப்போதுமே சுலபம்.

இப்படியே இருந்திருக்கும். சபைக்கு ஆண்டு நிறைவு வந்தது. ஜன்னலக்காவின் பக்கங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவது என்று பாஸ்டர் அறிவித்தார். அன்று வீட்டுக்கு வந்த ஜன்னலக்கா உட்காரக்கூட இல்லை. அட்டையில் தன் முழுப்பேர், வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பேர், அச்சில் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு வருகிற ஆசைகளில் இது ஒன்றும் பெரிய பாவம் இல்லை.

"முதல் பக்கத்துல கூடுதான் சிஸ்டர்," என்றார் பாஸ்டர். "அது இல்லாம புத்தகம் போட்டா, பொண்ணு இல்லாம கல்யாணம் பண்ண மாதிரி இருக்கும்."

மகளிடம் இதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மகளே ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு உன் சபை வயசானம்மா ஒருத்தங்க ரத்தம் கொடுக்க வந்தாங்க. ஊசியைக் குத்துறேன், என் மூஞ்சியையே பாக்கறாங்க. 'நீதானம்மா அந்தக் கலைந்த கூட்டுப் பொண்ணு?'ன்னாங்க. அப்புறம் அந்தப் பேரைச் சொல்லி, 'அது மேல பத்திரமா இருக்கும், நீ அழாத'ன்னாங்க."

அவர் குழாயை மூடினார்.

"எனக்குக் கை வழுக்கிடுச்சு. அந்தம்மா கை நீலமாப் போச்சு. 'பரவால்ல கண்ணு, பரவால்ல'ன்னு அவங்க என்னைத் தேத்தறாங்க. என் பிள்ளை பேரை நான் இன்னும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லம்மா. ஊர்ல எல்லாரும் சொல்லிட்டாங்க."

"பேரோட எழுதினா, அந்தப் பிள்ளை இந்த உலகத்துல ஏதாவது ஒரு மூலையிலாவது இருந்த மாதிரி ஆகும்னு நினைச்சேன்டி."

"இருந்துச்சு. என்கிட்ட இருந்துச்சு. நீ ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டிருந்த. ஊரு அதே ஜன்னல் வழியா என்னைப் பாத்துட்டிருந்துச்சு."

"அதைப் படிச்சு எத்தனை பேர் தேறியிருக்காங்க தெரியுமா? ஒரு பொண்ணு சாகப் போனவ..."

"தேறட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? நீ சுட்ட அப்பத்தைத் தின்னவங்க எல்லாம் நல்லா இருக்கட்டும். ஆனா மாவு என்னோடதும்மா. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா?"

மகளுடைய குரல் திடீரென்று தணிந்தது. தணிந்த குரல்தான் அதிகம் குத்தியது.

"அப்புறம் இன்னொண்ணு. அந்தக் குருவி திரும்ப வரவே இல்ல. நான் அப்ப இந்த வீட்டுலதானே கிடந்தேன். அந்த ஜன்னலைத்தானே பாத்துட்டிருந்தேன். குச்சியும் வரல, குருவியும் வரல. நீயா எழுதின."

இதற்கு மட்டும் அவரிடம் உடனே பதில் இருந்தது. "வரும்னு விசுவாசத்துல எழுதினேன்."

மகள் சிரித்தாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு, கேட்காமலே இருந்திருக்கலாம். "புத்தகம் போடப் போறாங்களாமே. அந்தம்மாதான் சொன்னாங்க. அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடு. பாசியைப் பத்திப் போடு, எறும்பைப் பத்திப் போடு. அதுங்களுக்குப் படிக்கத் தெரியாது."

அன்றிலிருந்து தொட்டியடியில் புத்தகம் நின்றது, பக்கம் நகரவில்லை. அவருக்குத் தெரியும், மகள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. அது இல்லாத புத்தகம் என்ன ஆகும் என்பதும் தெரியும். மற்றதெல்லாம் சுமார். பாசி சுமார், எறும்பு சுமார். அந்த ஒன்றில்தான் ஏதோ இறங்கி வந்திருந்தது. தானாக எழுதியது இல்லை, கொடுக்கப்பட்டது என்று அவர் நம்பினார். கொடுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்கிறதா? அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஊருக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. விடுமுறை நாளில் அதன் கரையில் சிமென்ட் பெஞ்சில் போய் உட்காருவார். அந்த வாரமும் போனார். தண்ணீரில் காற்று கோடு போட்டுக்கொண்டிருந்தது. கரையில் ஒரு வெள்ளைப் பறவை ஒற்றைக் காலில் நின்றது. அதைப் பார்த்ததும், வழக்கம்போல, அது எதைப் போல இருக்கிறது என்று மனம் தேடப் போனது. அவர் தன்னை அதட்டினார். "சும்மா பாரு," என்று சத்தமாகவே சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பறவை பறவையாகவே நின்றது. பிறகு மீனைக் கொத்திக்கொண்டு போனது. அதில் எந்தப் பாடமும் இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது.

திரும்பும் வழியிலேயே பாஸ்டர் வீட்டுப் படி ஏறினார். "கூடு வேண்டாம் பாஸ்டர். எடுத்துடுங்க."

"என்ன சிஸ்டர் இது? அச்சுக்குப் போற நேரத்துல..."

"என் பொண்ணு கேட்டா."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் ஒரு பெண்ணுக்குத் தகப்பன். "சரி. எடுத்துடலாம். ஆனா முதல் பக்கம் காலியாயிடுச்சே."

"அதுக்கு வேற எழுதித் தரேன்."

அந்தப் பதில் அவர் யோசிக்குமுன் வந்துவிட்டது. வீடுவந்து சேர்வதற்குள் முதல் வரியும் வந்துவிட்டது.

மகளிடம் விஷயத்தைச் சொன்னார். மகள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். "நிஜமாவா?" என்றாள். பிறகு, கேட்காமலே, அவருக்கும் சேர்த்துக் காபி போட்டாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடியே குடித்தார்கள். அந்த ஒரு காபி நேரம், அந்த வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வேறு எந்தத் தாயும் நிறுத்தியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, உள்ளறையில் மகள் வேலைக்குப் போட்டுப்போகிற வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த தாள். கண் சிவந்திருந்தது. நல்ல எழுத்து வரும்போது அவருக்கு அழுகை வரும். இந்தத் தடவை நிறைய அழுதிருந்தார்.

"ஒரு நிமிஷம் கேளேன். இதைப் பாஸ்டர்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட படிச்சுக் காட்டணும்னு நினைச்சேன். இந்தத் தடவை கேக்காமக் கொடுக்கமாட்டேன்."

மகள் தலையை நிமிர்த்தவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் படித்தார். ஆரம்பத்தில் குரல் ஒட்டவில்லை, போகப்போக ஒட்டிக்கொண்டது. "'ஒரு தாய் தன் மகளின் துக்கத்தைக் கேட்காமல் எடுத்துப் பரிமாறினாள். அந்தத் தாய் நான்தான். பிள்ளையின் பேரை நான் இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. அது என் மகளுடையது. ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிற அவள் ஒருநாள் நடுங்கும் கையோடு வீட்டுக்கு வந்தாள்...'"

ஊசி ஒரு தரம் நின்றது. மறுபடி போனது.

ஊசி வழுக்கியது, கை நீலமானது, மாவும் அப்பமும், எல்லாம் அதில் இருந்தன. மகள் வாயிலிருந்து வந்ததைவிடச் சீராக இருந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இல்லை. 'நீயா எழுதின' என்று மகள் சொன்னதைக்கூட ஒளிக்காமல் எழுதியிருந்தார். நீர்த்தேக்கத்துப் பறவை வந்தது. அங்கே அவர் உடைந்த உடைவு வந்தது. கடைசிப் பத்திக்கு வரும்போது அவருக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டு படித்தார்.

"'இதை நான் வாசித்து முடித்தபோது என் மகள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஒன்றும் பேசவில்லை. என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையின் கனத்தில் நான் மன்னிப்பை அறிந்தேன்.'"

தாளைத் தாழ்த்தினார். வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். அவர் காத்திருந்தார். தோள்கூடக் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது.

மகள் பொத்தானடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டை உதறிப் பார்த்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கு?" என்று கேட்டார் அவர். "கடைசிப் பத்தி கொஞ்சம் நீளமோ?"

மகள் எழுந்தாள். நாற்காலியில் இடித்துவிடாமல் ஒருக்களித்து அவரைத் தாண்டிப் போனாள். வாசலில் திரும்பி, நோயாளி தூங்குகிற அறையின் கதவைச் சாத்துவதுபோல, தாழ்ப்பாள் சத்தம் கேட்காதபடி விரல் வைத்துப் பிடித்து, மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.